ஏழு நொடிச் சத்தம்

காலையில் முதல் தடவை சாவி திருப்பும்போது மட்டும்
ஏழு நொடி.
தகர டப்பாவில் சோழி குலுக்குகிற மாதிரி.
ஆயில் மேலே ஏறியதும் அடங்கிவிடும்.
"அதான் அடங்கிடுதே" என்று
நாகலூர் எஸ்டேட் டிரைவர் சவரிராஜ்
இரண்டு மழைக்காலம் ஓட்டிவிட்டார்.
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கிய
பழைய பென்ஸ், எட்டு சிலிண்டர்.
சீட்டில் இன்னும் காப்பிப் பழத்தோல் வாடை.

குரங்குச்சாவடி ஷெட்டில் வால்வு கவரைக் கழற்றினேன்.
செயின் தொய்ந்து கிடந்தது.
அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு
ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும்.
இப்போது கருப்பட்டி நிறம்.
விரல் வைத்தேன், முறிந்தது.
கீழே சம்ப்பைத் திறந்தால்
கறுப்பு எண்ணெயில் ஊறிக் கிடந்தன சில்லுகள்,
நொறுங்கிய ஜவ்வரிசி வடகம்.

அளந்தேன். பதினொரு டிகிரி பின்தங்கியிருந்தது.
இன்னும் ஒரு பல், இரண்டு பல் தாண்டியிருந்தால்
வால்வெல்லாம் பிஸ்டன் தலையில் மோதியிருக்கும்.
எந்த வளைவில் என்பது
அதற்குத்தான் தெரியும்.

இந்த வேலைக்கு நாலு கை வேண்டும்.
பழைய செயினில் ஒரு கண்ணியை அறுத்து
அதன் வாலில் புதியதைக் கோத்து
கிராங்கைக் கையால் சுற்றச் சுற்ற
பழையது வெளியே வரும், புதியது உள்ளே போகும்.
இரண்டு முனையும் தொய்யக் கூடாது.
இரண்டு கை என்னுடையவை.
மற்ற இரண்டும் சித்தேஸ்வரனுடையவை:
ஷெட்டில் பாதிப் பங்கு,
என் தங்கை வாணியின் புருஷன்.
பதினேழு நாளாக அவள் என் வீட்டில்.
பதினேழு நாளாக இங்கே
ஸ்பேனர் நீளும், கை வாங்கும்,
சொல் கிடையாது.
டீக்கடைப் பையன் எங்களுக்கு இரண்டு கணக்கு எழுதுகிறான்.

"சுத்து."
முதல் சொல் என்னுடையது.
"மெல்ல."
"நிறுத்து. உன் பக்கம் தொய்யுது, இழு."
"இழுத்துட்டுத்தான் இருக்கேன்."

பாதியில் கரண்ட் போனது.
கையை எடுக்க முடியாது.
எடுத்தால் செயின் உள்ளே விழும்,
விழுந்தால் முன்பக்கம் மொத்தமும் பிரிக்கணும்.
இருட்டில் குனிந்தபடி நின்றோம்,
ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு.
வாசலுக்கு வெளியே ஏற்காட்டு மலையில்
விளக்குகள் எரிந்தன. அங்கே கரண்ட் இருந்தது.

அவன் மூச்சு கேட்டது. பிறகு,
"வாணி சாப்பிடறாளா?"

நான் பதில் சொல்லவில்லை.
முந்தின வருஷம் ஒரு விடிகாலை போன் செய்தாள்.
என்னவோ ஆரம்பித்து நிறுத்தினாள்.
ஏழு நொடிகூட இருக்காது.
"சரியாப் போயிடும்மா" என்றேன்,
காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், கையெல்லாம் கிரீஸ்.
அப்புறம் அவள் பேச்சில் சத்தமே இல்லை.
நல்லா ஓடுது என்று நினைத்துக்கொண்டேன்.

கரண்ட் வந்தது.
"சுத்து" என்றேன். சுற்றினான்.
கண்ணிகள் சேர்ந்தன.
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசா இது, பற்றவைத்து விட?
ரிவெட்டை வைத்து அடித்தேன்.
இரண்டு முழுச் சுற்று. குறிக்குக் குறி.
நம்பாமல் மறுபடி இரண்டு சுற்று.

மறுநாள் விடியலில், என்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு
சாவியைத் திருப்பியது அவன்.
எண்ணியது நான்.
ஏழு வரை எண்ணியும் ஒன்றும் இல்லை.
நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜினில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன்.
எண்ணெய் ஓடும் சத்தம் மட்டும்.
சவரிராஜ் பணத்தை எண்ணி வைத்தார்.
சித்தேஸ்வரன் என்னைப் பார்த்தான்.
டீ ஒரே கணக்கில் வந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் வாணி காப்பி கொண்டுவந்தாள்.
"அன்னைக்குப் போன்ல
என்ன சொல்ல வந்தே?" என்றேன்.

டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எந்தத் தடவை?"